எஞ்சின் மாற்றிய காரை கலிஃபோர்னியா ஸ்மாக் சோதனையில் தேற வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு 1993 ஹோண்டா சிவிக். அதிலிருந்த 1.5 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, ஹோண்டாவின் இன்னொரு பிராண்டான அக்யூராவின் இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர் காரின் 1.8 லிட்டர் பி18சி1 எஞ்சினை ஏற்றியாயிற்று. 102 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது 170. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, மலைப்பாதையில் மூச்சு வாங்காமல் ஏறுகிறது. அப்புறம் ஒரு நாள் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து புதுப்பிப்புக் கடிதம் வருகிறது. அதில் ‘ஸ்மாக் சான்று தேவை’ என்று ஒரு வரி, அதாவது கார் வெளியிடும் மாசு வரம்புக்குள் இருக்கிறது என்ற சான்று. ஸ்மாக் கடைக்காரர் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்க்கிறார். “இது இந்தக் காரோட எஞ்சின் இல்லையே, நான் சோதிக்க முடியாது” என்கிறார்.

இந்தக் கட்டத்தில்தான் நானும் என் நண்பரும் சிக்கிக்கொண்டோம். நாங்கள் வாங்கியது வெறும் எஞ்சின். அதோடு வர வேண்டிய ஹோஸ், வால்வு, சென்சார், ஸ்டிக்கர் எதையும் கேட்டு வாங்கவில்லை. எஞ்சினை ஏற்றியது இரண்டு வார இறுதிகளில். விட்டுப்போனதைத் தேடிப் பொருத்தியது எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அமெரிக்காவிலேயே மிகக் கறாரான விதிகள் அங்கேதான் என்பது. அங்கே தேறும்படி ஒரு காரைக் கட்டிவிட்டால் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் சிக்கல் இராது. உதாரணத்துக்கு 1992 முதல் 1995 வரையிலான சிவிக்கும் ஜிஎஸ்-ஆர் எஞ்சினும். பலரும் செய்கிற மாற்றம் இது. எனக்குக் கைப்பழக்கம் உள்ளதும் இதுதான். உங்கள் கார் வேறாக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

சோதனை கேட்பது என்ன

பலர் நினைப்பதுபோல, பின்னால் வரும் புகை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்மாக் செக்கில் மூன்று பகுதிகள் உண்டு: புகையை அளப்பது, தொழிற்சாலை கொடுத்த மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது, அவை வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது. புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரு ஹோஸ் அதன் இடத்தில் இல்லையென்றால் கார் தேறாது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1943-ம் ஆண்டு கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தார். எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன. நகரைச் சுற்றியுள்ள மலைகள் அந்தக் காற்றை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கின்றன. மாநிலத்தின் காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானவர் அவர்தான். 1984-ல் ஸ்மாக் செக் திட்டம் தொடங்கியது. எரியாத எரிபொருளின் ஆவியும் காற்றைக் கெடுக்கும் என்பதால்தான், எக்ஸாஸ்ட் குழாயோடு சம்பந்தமே இல்லாத பெட்ரோல் டேங்கின் மூடியைக்கூடச் சோதிக்கிறார்கள். இது புரிந்தபிறகு சின்னச் சின்ன ஹோஸ்களைத் தேடி அலைந்தது எனக்குத் தொந்தரவாகப் படவில்லை.

எஞ்சின் மாற்றிய காருக்கு முதல்முறை சாதாரண ஸ்மாக் கடை சோதித்துச் சான்று தர முடியாது. மாநில அரசின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பணியகத்தின் ‘ரெஃப்ரீ’ நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ரெஃப்ரீ மனத்தில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த எஞ்சின் எந்தக் காரில், எந்தெந்தப் பாகங்களோடு சான்று பெற்றதோ, அந்த முழு அமைப்பும் இப்போது இந்தக் காரில் இருக்கிறதா?

எஞ்சின் வாங்குவதற்கு முன்: ஆண்டு, வகை, லேபிள்

முதலில் ஆண்டு. புது எஞ்சின், காரின் மாடல் ஆண்டுக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். 1993 சிவிக்கில் 1994 ஜிஎஸ்-ஆர் எஞ்சின் சரி. 1995 சிவிக்கில் அதே 1994 எஞ்சின் கூடாது. எஞ்சின் தந்த காரின் வாகன அடையாள எண்ணில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள்: 1994 என்றால் ஆர், 1995 என்றால் எஸ், 1996 என்றால் டி (T). விற்பவர் வாயால் சொல்லும் ஆண்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1996 முதல் அமெரிக்கக் கார்கள் எல்லாம் எஞ்சின் கோளாறுகளைத் தானே கண்டுபிடிக்கும் ஓபிடி-2 என்ற கணினி முறைக்கு மாறின. 1996-லோ அதற்குப் பிறகோ வந்த எஞ்சினைப் பழைய காரில் போடலாம், ஆனால் அந்த ஓபிடி-2 அமைப்பு முழுவதும், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார் உட்பட, கூடவே வந்தாக வேண்டும். 1992–95 சிவிக்குக்கு 1994 அல்லது 1995 ஜிஎஸ்-ஆர் எஞ்சினைத் தேடுவதே வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

இரண்டாவது வகை. பயணிகள் காரில் பயணிகள் காரின் எஞ்சின்தான் போட வேண்டும். பலர் விழுவது இந்தக் குழியில்தான். ஹோண்டா சிஆர்-வி-யின் 2 லிட்டர் பி20 எஞ்சின் சிவிக்கில் அழகாக உட்காரும், விலையும் குறைவு. ஆனால் சிஆர்-வி இலகுரக டிரக் வகையில் சான்று பெற்ற வண்டி. டிரக் எஞ்சின் பயணிகள் காருக்கு ஆகாது, அவ்வளவுதான். அதே நிறுவனத்தின் கே24 எஞ்சினிலும் இதே பிரச்சினை. அக்யூரா டிஎஸ்எக்ஸிலிருந்து வந்தால் அது கார் எஞ்சின், சிஆர்-வி-யிலிருந்து வந்தால் டிரக் எஞ்சின். எனவே எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது லேபிள். உங்கள் கார் கலிஃபோர்னியா சான்று பெற்றது என்றால் எஞ்சினும் கலிஃபோர்னியா சான்று பெற்ற வண்டியிலிருந்து வர வேண்டும். அது தெரிவது பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு லேபிளில். கலிஃபோர்னியா விதிமுறைகளுக்கு உட்பட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதே லேபிளில் எந்தெந்தக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் உண்டு என்பதும், வாக்குவம் ஹோஸ்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்ற படமும் இருக்கும். அடுத்த சில மாதங்களுக்கு அந்தப் படம்தான் உங்கள் வழிகாட்டி. கையிலிருக்கும் ஃபோனில் நாலு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் எஞ்சின்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓட்டம் குறைவு, உள்ளே சுத்தமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவை அமெரிக்கச் சான்றுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பாகங்கள் வேறுபடும், லேபிள் இருக்காது. முதன்முறை செய்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

எஞ்சினை அல்ல, முழுக் காரையும் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டும் என்றால் அது இதுதான். பின்பக்கம் மோதிய ஜிஎஸ்-ஆர் ஒன்று ஏலத்திலோ காயலான் கடையிலோ கிடைத்தால், அதை முழுதாக வாங்குங்கள். முன்பக்கம் உருக்குலையாமல் இருந்தால் போதும். கதவு, சீட், கண்ணாடி ஆகியவற்றை விற்றுச் செலவில் ஒரு பகுதியை எடுத்துவிடலாம். தனித்தனியாகத் தேடினால் ஒரு பத்து டாலர் பிளாஸ்டிக் வால்வுக்காக மூன்று வாரம் காத்திருக்க நேரும். நாங்கள் காத்திருந்தோம்.

முழுக் கார் கிடைக்கவில்லை என்றால், காயலான் கடையில் எஞ்சினோடு சேர்த்து இவற்றையும் எடுத்து வாருங்கள்: கணினி (1994–95 ஜிஎஸ்-ஆருக்கு பி72 என்று குறியிட்டது), எஞ்சின் வயரிங் முழுக் கட்டு, இன்டேக் மேனிஃபோல்டு அதன் அடியிலுள்ள வாக்குவம் டப்பா, சோலனாய்டுகளோடு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்), ஏர் ஃபில்டர் பெட்டியும் அதற்கு வரும் குழாயும், டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய கேனிஸ்டர், அந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வும் ஹோஸ்களும், பிசிவி வால்வும் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை மீண்டும் எரிக்க அனுப்புவது) எஞ்சின் பிளாக்கின் பின்னால் உள்ள கறுப்புப் பெட்டியும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதன் வெப்பத் தகடோடு, நாக் சென்சார் (சிலிண்டருக்குள் எரிபொருள் தட்டி வெடிப்பதை உணர்வது), டிஸ்டிரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் தருவது). எதையும் கழற்றுவதற்கு முன் வீடியோ எடுங்கள். ஹோஸை வெட்டாதீர்கள், கிளிப்பைத் தளர்த்தி உருவுங்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

எடுக்கக் கூடாத பாகம் ஒன்று உண்டு: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். கழற்றிய பழைய கன்வெர்ட்டரைக் கலிஃபோர்னியாவில் விற்கக் கூடாது. புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதுவும் ஹோண்டாவின் அசல், அல்லது காற்று வள வாரியம் அந்த எஞ்சினுக்கென்று அனுமதித்த மாற்றுப் பாகம். 2009 முதல் மாற்றுக் கன்வெர்ட்டர்களுக்கான தரம் கடுமையாகிவிட்டது. இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல மற்ற மாநிலங்களுக்கு மட்டுமானவை. விற்பனைப் பக்கத்தில் ‘கலிஃபோர்னியாவுக்கு அனுப்ப இயலாது’ என்ற வரி இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

பாகம் வாங்கிய ஒவ்வொரு ரசீதையும் ஒரு கோப்பில் போடுங்கள். எஞ்சின் தந்த காரின் அடையாள எண்ணை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள், பி18சி1 என்று தொடங்கும்.

ஏற்றுவது

இதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் ஸ்மாக் சோதனைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. சரியான மவுண்டுகள், இன்டெக்ராவின் ஆக்சில்கள், இடைத்தண்டு, கியர் மாற்றும் இணைப்புக் கம்பி ஆகியவை இருந்தால் எஞ்சின் சிவிக்கில் தொழிற்சாலையில் வைத்ததுபோல உட்காரும். மவுண்டு கடையில் வாங்கியதாக இருந்தாலும் ரெஃப்ரீ கவலைப்பட மாட்டார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எக்ஸாஸ்ட் குழாயைப் புதிதாக வளைத்துப் பற்றவைக்க நேர்ந்தால், கன்வெர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் எஞ்சினிலிருந்து தள்ளி வைத்துவிடாதீர்கள். இன்டெக்ராவில் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதே தூரம் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் சூடேறத் தாமதமாகும், ரெஃப்ரீயும் கேள்வி கேட்பார்.

வயரிங்: அந்த மஞ்சள் விளக்கு

1992–95 சிவிக்கும் 1994–95 ஜிஎஸ்-ஆரும் ஒரே காலத்துக் கணினி முறையைச் சேர்ந்தவை. பி72 கணினி சிவிக்கின் பிளக்குகளில் அப்படியே பொருந்தும். அதைப் பார்த்து ‘வயரிங் முடிந்தது’ என்று பலர் மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. ஜிஎஸ்-ஆரில் இருக்கிற, ஆனால் சாதாரண சிவிக்கில் இல்லாத இணைப்புகள் நான்கு: விடெக் (வேகத்துக்கேற்ப வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் ஹோண்டா அமைப்பு) சோலனாய்டு, விடெக் அழுத்த ஸ்விட்ச், நாக் சென்சார், இன்டேக் மேனிஃபோல்டின் இரண்டாம் வழியைத் திறக்கும் சோலனாய்டு. உங்கள் சிவிக் இஎக்ஸ் அல்லது எஸ்ஐ ரகம் என்றால் விடெக் சார்ந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கும், மற்ற இரண்டை மட்டும் இழுக்க வேண்டும்.

நாக் சென்சாருக்குச் சாதாரண வயரை இழுக்காதீர்கள். அது அனுப்பும் சமிக்ஞை மிக மெல்லியது. பக்கத்தில் இக்னிஷன் வயர் போனால் அதன் இரைச்சல் கலந்துவிடும். உறை போட்ட வயரைப் பயன்படுத்தி, உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இணைப்புகளைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்துப் பற்றவைத்து வெப்பச் சுருங்கு குழாய் போடுங்கள். ரெஃப்ரீ பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மூன்று வருடம் கழித்து மழையில் நின்றுபோகாமல் இருக்க வேண்டுமே.

சில கடைகளில், நாக் சென்சார் வேண்டாம் என்று கணினிக்குள் சிப் மாற்றி எழுதித் தருகிறார்கள். விளக்கு எரியாது, கார் ஓடும். ஆனால் அது சான்று பெற்ற அமைப்பில் கைவைத்த செயல். மாநிலச் சட்டத்துக்கு மட்டுமல்ல, மத்திய அரசின் தூய காற்றுச் சட்டத்துக்கும் எதிரானது. செய்யாதீர்கள்.

சாவியைத் திருப்பியதும் ‘செக் எஞ்சின்’ விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைய வேண்டும். ஆரம்பத்திலிருந்தே எரியாமல் இருந்தாலும் தோல்விதான், பல்ப் போயிருக்கிறதா என்று பாருங்கள். எரிந்துகொண்டே இருந்தால், பயணி பக்கம் டேஷ்போர்டின் அடியில் இருக்கும் நீல நிற இரண்டு முனைக் கனெக்டரை ஒரு சிறு கம்பியால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். நீண்ட சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. இரண்டு நீளம், மூன்று குட்டை வந்தால் 23, அதாவது நாக் சென்சார். 21 என்றால் விடெக் சோலனாய்டு, 22 என்றால் விடெக் அழுத்த ஸ்விட்ச், 41 என்றால் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர், 1 மட்டும் வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரே. பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு வாரமாவது நெடுஞ்சாலையிலும் ஊருக்குள்ளும் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகும் வரவில்லை என்றால்தான் சரியானதாக அர்த்தம்.

அலங்காரப் பாகங்களும் அனுமதி எண்ணும்

எஞ்சின் மாற்றுபவருக்கு ஹெடர் (புகை எளிதாக வெளியேற உதவும் எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு), குளிர்காற்று இன்டேக் போடும் ஆசையும் இருக்கும். போடலாம், காற்று வள வாரியத்தின் அனுமதி ஆணை எண் அந்தப் பாகத்துக்கு இருந்தால். அந்த எண் நீங்கள் ஏற்றியிருக்கும் எஞ்சினுக்குச் செல்ல வேண்டும், சிவிக்கின் பழைய எஞ்சினுக்கு அல்ல. அந்த எண் உள்ள ஸ்டிக்கரைப் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். கேம் ஷாஃப்ட், பிஸ்டன் போன்ற உள்பாகங்களுக்கும் இதே விதிதான். கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 27156-ம் பிரிவு இதைப் பற்றியது. என் ஆலோசனை, முதல் சோதனைக்கு எல்லாமே அசல் பாகங்களோடு போங்கள். ரெஃப்ரீக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயங்கள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

புகை அளவு: மூன்று வாயுக்கள்

1999 வரையிலான கார்களைப் பெரும்பாலான நகரப் பகுதிகளில் உருளை மேடையில் ஏற்றி ஓட்டி அளக்கிறார்கள். மணிக்கு 15 மைல் வேகத்தில் ஒரு முறை, 25 மைலில் ஒரு முறை, இரண்டிலும் சுமை கொடுத்து. அளப்பது ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடு ஆகிய மூன்றை.

எந்த எண் கூடியிருக்கிறது என்பதே நோய் எங்கே என்று சொல்லிவிடும்.

ஹைட்ரோகார்பன் கூடினால் எரிபொருள் எரியாமலே வெளியே போகிறது. ஸ்பார்க் பிளக், பிளக் வயர், டிஸ்டிரிபியூட்டர் மூடி ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் அழுத்தம்) குறைந்தாலும் இதே அறிகுறிதான். காயலான் கடை எஞ்சினை ஏற்றும் முன்பே கம்ப்ரஷன் சோதித்துவிடுங்கள், ஏற்றியபிறகு தெரிந்தால் வேலை இரட்டிப்பு.

கார்பன் மோனாக்ஸைடு கூடினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. எஞ்சின் மாற்றிய கார்களில் இதற்கு ஒரு விசேஷக் காரணம் உண்டு. மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டில் சின்ன ஓட்டை இருந்தால், எக்ஸாஸ்ட் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அந்தக் காற்றை ஆக்ஸிஜன் சென்சார் பார்க்கிறது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி நம்பிக்கையோடு இன்னும் பெட்ரோல் ஊற்றுகிறது. சென்சாரும் கணினியும் நல்லவைதான், ஓட்டைதான் குற்றவாளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மூட்டுகளில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா பாருங்கள். எங்கள் காரில் ஏழு டாலர் கேஸ்கட் ஒன்றுதான் இரண்டு மாதம் எங்களை அலைக்கழித்தது.

நைட்ரஜன் ஆக்ஸைடுதான் மூன்றிலும் பிடிவாதமானது. சிலிண்டருக்குள் வெப்பம் எல்லை மீறும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து உருவாவது இது. பெட்ரோல் போதாத கலவை, சரியாகக் குளிராத ரேடியேட்டர், பிஸ்டன் மேல் படிந்த கரி, முன்தள்ளி வைத்த இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) எல்லாமே இதைக் கூட்டும். பி18சி1-க்கு டைமிங் 16 டிகிரி, இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். எஞ்சின் முழுச்சூட்டில் இருக்கும்போது, அந்த நீலக் கனெக்டரை இணைத்து, டைமிங் லைட்டைப் பிடித்து, கிராங்க் புல்லியின் சிவப்புக் கோடு நேராக வரும்வரை டிஸ்டிரிபியூட்டரை மெல்லத் திருப்புங்கள். இறுக்கிவிட்டு மறுபடி ஒரு முறை பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடும்.

மூன்றும் சேர்ந்து சற்றுக் கூடியிருந்தால் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற விகிதத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால்தான் அது மூன்று வாயுவையும் ஒருசேரச் சுத்தம் செய்யும். ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக ஆடினால் சென்சார் கிழடாகிவிட்டது. அதை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதுக் கன்வெர்ட்டரும் சீக்கிரம் கெடும்.

1995 வரையிலான கார்களுக்கு ஆவிக் கசிவுச் சோதனையும் உண்டு. டேங்க், குழாய், கேனிஸ்டர் எல்லாவற்றிலும் குறைந்த அழுத்தம் கொடுத்துக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். முப்பது வயது ரப்பர் ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். டேங்க் பக்கம் உள்ளவற்றையும் சேர்த்து மொத்தமாக மாற்றிவிடுங்கள், பெட்ரோல் மூடியையும்.

ஓபிடி-2 எஞ்சின் ஏற்றியவர்களுக்கு

1996-லோ அதற்குப் பிறகோ வந்த எஞ்சின் என்றால் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ‘மானிட்டர்கள்’ முடிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1996–99 பெட்ரோல் வண்டிகளுக்கு ஏதாவது ஒரு மானிட்டர் முடியாமல் இருக்கலாம். 2000 முதல் ஆவிக் கசிவு மானிட்டர் ஒன்றுக்கு மட்டும்தான் விலக்கு. பேட்டரியைக் கழற்றினாலோ பிழைக் குறியீட்டை அழித்தாலோ எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதனால் சோதனைக்கு முந்தைய நாள் பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். ஆவிக் கசிவு மானிட்டர் பொதுவாக டேங்க் பாதிக்கு மேலும் கீழுமாக இருக்கும்போதுதான் ஓடும், முழுக்க நிரப்பி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். டேங்க் அழுத்த சென்சாரையும் பழைய காரின் டேங்கில் பொருத்த வேண்டியிருக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

2021 ஜூலை முதல், கணினியின் மென்பொருள் அசலானதா என்பதையும் ஸ்மாக் செக்கில் பார்க்கிறார்கள். ட்யூன் செய்த மென்பொருளுக்கு அனுமதி எண் இல்லையென்றால் அங்கேயே தோல்வி.

எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் ஏற்ற ஆசைப்படுபவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் இ-ராட் தொகுப்பு. எஞ்சின், கணினி, வயரிங், கன்வெர்ட்டர்கள், ஆக்ஸிஜன் சென்சார்கள், கேனிஸ்டர், ஆக்சிலரேட்டர் மிதி எல்லாம் ஒரே தொகுப்பாக, 1995 வரையிலான கார்களுக்குக் காற்று வள வாரியத்தின் அனுமதியோடு வருகிறது. விலை அதிகம். ஆனால் நான் மேலே சொன்ன அலைச்சலையெல்லாம் மிச்சப்படுத்துகிறது.

ரெஃப்ரீயிடம் போகும் நாள்

பதிவு முடியும் மாதத்துக்காகக் காத்திராமல் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். முன்பதிவு இல்லாமல் ரெஃப்ரீ பார்க்க மாட்டார். முன்பதிவு செய்யும்போதே எஞ்சின் மாற்றிய வண்டி என்று சொல்லிவிடுங்கள்.

அதற்கு முந்தைய வாரம் எண்ணெயை மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த பழைய எண்ணெயின் ஆவி பிசிவி வழியாக எஞ்சினுக்குள் போய் எண்களை ஏற்றிவிடும். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். உருளை மேடை வைத்திருக்கும் ஸ்மாக் கடையில் முன்சோதனையாக மட்டும் புகையை அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு சில கடைகளில் செய்து தருவார்கள். எண்கள் எல்லையை ஒட்டி இருந்தால் போகாதீர்கள், சரிசெய்துவிட்டுப் போங்கள்.

அன்று காலை இருபது நிமிடமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போங்கள். கன்வெர்ட்டர் நன்கு சூடேறினால்தான் வேலை செய்யும். போய்ச் சேர்ந்ததும் அணைத்துவிட்டு அரைமணி நேரம் நிறுத்தி வைக்காதீர்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், மேடையில் ஓடப்போகிற சக்கரங்கள் அவை.

ஆவணக் கோப்பை எடுத்துப் போங்கள்: ரசீதுகள், எஞ்சின் தந்த காரின் அடையாள எண், அதன் மாசுக்கட்டுப்பாட்டு லேபிளின் படம் (அசல் இருந்தால் இன்னும் நல்லது), அனுமதி ஆணைகளின் அச்சுப்பிரதி. எஞ்சின் அறையைத் துடைத்து, ஹோஸ்கள் தெளிவாகத் தெரியும்படி வையுங்கள். ரெஃப்ரீ ஒவ்வொரு குழாயையும் விரலால் தொட்டுத் தொடர்ந்து பார்ப்பார். கேட்பதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். எஞ்சின் எது, எந்த ஆண்டு, எந்தக் காரிலிருந்து வந்தது என்பதில் மறைக்க ஒன்றும் இல்லையே. எங்களைப் பார்த்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகப் பார்த்தார். பர்ஜ் ஹோஸ் ஒன்று தவறான முனையில் இருப்பதை எங்களுக்குச் சுட்டிக்காட்டினார். அந்த முறை தேறவில்லை. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுத்தில் கிடைத்தது, அடுத்த முறை அதை மட்டும் மாற்றிக்கொண்டு போனோம்.

லேபிள் ஒட்டியபிறகு

தேறினால் ரெஃப்ரீ காரின் கதவுத் தூணில் ஒரு லேபிள் ஒட்டுவார். என்ன எஞ்சின், எந்தெந்த மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அடுத்த முறையிலிருந்து சாதாரண ஸ்மாக் கடைக்கே போகலாம், அந்த லேபிளை வைத்துச் சோதிப்பார்கள். கடைக்காரர் தயங்கினால் கதவைத் திறந்து லேபிளைக் காட்டுங்கள்.

லேபிளுக்குப் பிறகு அமைப்பில் எதையாவது மாற்றினால், உதாரணமாக வேறு எஞ்சின் ஏற்றினால், மறுபடி ரெஃப்ரீயிடம்தான் போக வேண்டும். அந்தக் கதவுத் தூணில் பெயின்ட் அடிக்கும் வேலை வந்தால் லேபிளின் மேல் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். காரை விற்கும் நாளில் ஆவணக் கோப்பையும் சேர்த்து வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். எந்த ஆண்டு ஆக்ஸிஜன் சென்சார் வாங்க வேண்டும் என்பது முதல் எந்தக் கன்வெர்ட்டர் பொருந்தும் என்பது வரை அவருக்கு அதில் இருக்கும்.